வாங்க மாமனாரே

நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகும் சாலையில், கோழித்தீவனக் கம்பெனியைத் தாண்டியதும் இடதுபக்கம் ஒரு பரோட்டாக் கடை இருக்கிறது. இன்றைக்கு அதன் பெயர் 'ஜீவா பரோட்டா ஸ்டால்'. ஆனால் வழி கேட்டுப் பாருங்கள், "மாமனார் கடைங்களா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். கடைக்காரர் ஜீவானந்தத்துக்கு மாமனார் என்று யாரும் கிடையாது. நாற்பதை நெருங்கிவிட்டார். இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

எங்கள் பக்கம் இது ஒன்றும் அதிசயமில்லை. தோட்டம் இருக்கும், கிணற்றில் தண்ணீர் இருக்கும், பெண் மட்டும் அமையாது. கோயில் விருந்துகளில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தி பரிமாறுகிறவர்களைக் கவனித்தால் பாதிப் பேர் இந்த வகைதான்.

ஜீவானந்தம் பள்ளிப் படிப்பு முடிந்ததும் போர்வெல் ரிக் வண்டியில் ஏறி வடக்கே போனவர். வண்டியில் சமைக்கும் வேலை அவர் தலையில் விழுந்தது. பரோட்டா வீசக் கற்றது அங்கேதான். அப்பா இறந்தபின், அம்மா பாப்பாயியைத் தனியே விட மனமில்லாமல் ஊருக்குத் திரும்பிக் கடை போட்டார்.

அம்மாவும் பிள்ளையும் பெண் பார்க்க ஏறாத பஸ் இல்லை. ஒருமுறை திருச்செங்கோட்டுப் பக்கம் போனார்கள். பெண்ணின் அம்மா, "கடைன்னாங்களே, மளிகைங்களா?" என்று கேட்டார்.

"பரோட்டாக் கடைங்க" என்றார் ஜீவானந்தம்.

காபி வந்தது. பெண் வரவில்லை. திரும்பும் பஸ்ஸில் பாப்பாயி, "காபி நல்லா இருந்துச்சு சாமி" என்றார்.

அன்று சாயங்காலம் கூட்டாளி மாதேஷ் கடைக்கு வந்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃப்ளெக்ஸ் அடிக்கிறவன். நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"ஏன்டா ஜீவா, ஒவ்வொருத்தரு ஊட்டு வாசல்லயும் போயிக் கும்பிட்டு நிக்கறே? அவங்களை இங்க வரச் சொல்லீரலாம்டா."

மறுவாரமே போர்டு ஏறியது. மஞ்சள் பின்னணியில் பெரிய எழுத்தில் 'வாங்க மாமனாரே!' கீழே 'உங்க மாப்ள கடை'. பட்டு வேட்டி கட்டிய ஒரு மாப்பிள்ளை, தாம்பூலத் தட்டில் பரோட்டாவை அடுக்கி நீட்டிக்கொண்டிருந்தான். விலைப்பட்டியலில் அரைவேக்காட்டு முட்டைக் கலக்கிக்கு 'நிச்சயதார்த்தம்' என்று பெயர். முட்டைக் கொத்துக்கு 'மச்சினிச்சி கொத்து'.

பாப்பாயி தலையில் அடித்துக்கொண்டார். "ரோட்டுல போறவங்களையெல்லாம் மாமனாருங்கறதா? மானம் போகுது சாமி."

மானம் போனதோ இல்லையோ, கூட்டம் வந்தது. கல்லூரிப் பையன்கள் வந்தார்கள், லாரிக்காரர்கள் வண்டியை ஓரம் கட்டினார்கள். யார் உள்ளே நுழைந்தாலும் ஜீவானந்தம் பரோட்டாக் கல்லின் முன்னால் நின்றபடி, "வாங்க மாமனாரே!" என்று கூவ வேண்டும். அதுதான் கடையின் அடையாளம் என்று மாதேஷ் சொல்லியிருந்தான். ஒருநாள் இரண்டு பெண்பிள்ளைகளோடு வந்த ஒருவர், "யாருக்கு யாருடா மாமனாரு?" என்று நாற்காலியை எட்டி உதைத்தார். ஜீவானந்தம் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். யாரோ அதைப் படம்பிடித்து இணையத்தில் போட, மறுநாள் கூட்டம் இரண்டு மடங்கு.

சாதாரணமாக அதிகம் பேசாத மனிதர் அவர். கல்லின் முன்னால் நின்றால் மட்டும் வேறு ஒரு குரல் வந்துவிடும். எதைக் கேட்டாலும் ஒரு கிண்டல் தயாராக இருக்கும். கல்யாணத் தரகர் மட்டும் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "கடை பேரைச் சொன்னதும் சிரிச்சுட்டுப் போனை வெச்சர்றாங்க தம்பி" என்றார்.

அந்த நாட்களில்தான் நவநீதகிருஷ்ணன் வரத் தொடங்கினார். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை சாயங்காலம் மகள் தமிழினியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வருவார். தமிழினிக்குத் தீவனக் கம்பெனி ஆய்வகத்தில் வேலை. கல்யாணமாகி, அது சரிப்படாமல், சட்டப்படி பிரிந்து அப்பா வீட்டுக்கு வந்தவர்.

"வாங்க மாமனாரே!" என்று முதல் நாள் ஜீவானந்தம் கூவியபோது பெரியவர் கோபப்படவில்லை. "வந்துட்டேன் மாப்ள! எல பெருசாப் போடுங்க" என்று திருப்பிக் கூவினார். தமிழினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதன்பின் சனிக்கிழமைதோறும் இந்தப் பேச்சு நடந்தது. தமிழினி அதிகம் பேசமாட்டார். கலக்கியை மட்டும் கடைசிவரை வைத்திருந்து மெதுவாகச் சாப்பிடுவார். ஒருமுறை போகும்போது, "உப்பு இன்னைக்குச் சரியா இருந்துச்சுங்க" என்றார். அப்படியானால் மற்ற நாட்களில் எப்படி இருந்தது என்று ஜீவானந்தம் அந்த வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமைகளில் அவர் நல்ல சட்டையாகப் பார்த்துப் போட ஆரம்பித்ததை அம்மா மட்டும்தான் கவனித்தார்.

ஒரு புதன்கிழமை பெரியவர் தனியாக வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. சாப்பிட எதுவும் சொல்லாமல் சுவரோரம் உட்கார்ந்து, கூட்டம் குறையட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். குறையவில்லை. பையன்கள் கூட்டம் ஒன்று வேறு செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றது. கடைசியில் அவர் எழுந்து கல்லின் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கோணும். நெசமாலுமே நீங்க பொண்ணு பாக்கறீங்களா, இல்ல இந்த போர்டெல்லாம் கடைக்கு மட்டுந்தானுங்களா?"

செல்போன்கள் ஜீவானந்தத்தின் முகத்தை நோக்கித் திரும்பின. அந்த இன்னொரு குரல் அவரை முந்திக்கொண்டது.

"பொண்ணு கெடைச்சுட்டா போர்டைக் கழட்டோணுமுங்களே மாமனாரே! அப்புறம் யாவாரத்துக்கு எங்க போறது? நான் இப்படியே இருந்துக்கறனுங்க!"

பையன்கள் கைதட்டினார்கள். பெரியவரும் சிரித்தார். "அதுஞ் சரிதான்" என்றார். இரண்டு பரோட்டா கட்டித்தரச் சொல்லி வாங்கிக்கொண்டு வெளியே போனார்.

கல்லில் கிடந்ததைத் திருப்பிப் போடும்போதுதான் ஜீவானந்தத்துக்கு உறைத்தது. அவர் மாப்ள என்று கூப்பிடவில்லை, தம்பி என்றார். அப்படி நிதானமாக அவர் பேசியதே இல்லை. கரண்டியைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினார். அவர் ஏறிய மோகனூர் பஸ் கிளம்பியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜீவானந்தம் வீட்டை விசாரித்துக்கொண்டு போனார். கதவைத் திறந்தது தமிழினி.

"வாங்க. அப்பா மார்க்கெட்டுக்குப் போயிருக்காருங்க" என்று சொல்லி, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஜீவானந்தம் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு ஐயா கேட்டதுக்கு நான் வேற மாதிரி பதில் சொல்லியிருக்கோணுமுங்க. பசங்க நின்னாங்க... வாய்க்கு வந்துருச்சுங்க."

தமிழினி கதவைப் பிடித்துக்கொண்டார். "அப்பாவாக் கேக்கலைங்க. நாந்தான் கேட்டுட்டு வரச் சொன்னேன்."

ஜீவானந்தம் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"கரூர்ல இருந்து ஒரு எடம் கேட்டுட்டே இருந்தாங்க. அவங்களுக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி உங்களைக் கேட்டுக்கலாம்னு எனக்குத் தோணுச்சு. போன வெள்ளிக்கெழமை பூ வெச்சு உறுதி பண்ணிட்டுப் போயிட்டாங்க."

"நல்ல எடங்களா?"

"நல்ல மனுசராட்டத்தான் தெரியுதுங்க." பிறகு, "உங்க மேல கோவமெல்லாம் இல்லீங்க. எங்கூட்டுல சிரிப்புச் சத்தமே இல்லாம இருந்துச்சு. நாங்க சிரிக்கறதுக்குத்தான் அங்க வந்தோம்" என்றார்.

அந்தத் தண்ணீரைக் குடித்தோமா என்பது ஜீவானந்தத்துக்கு இன்றுவரை நினைவில்லை.

அன்று மத்தியானமே போர்டை இறக்கினார். மாதேஷ் ஓடிவந்து, "பைத்தியமாடா உனக்கு? ஊரே உன்ற கடை பேரைச் சொல்லுதுடா" என்று கத்தினான். ஜீவானந்தம் ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். புதுப் பலகையை மாதேஷிடம் கொடுக்காமல் வேறு ஆளை வைத்து எழுதினார். கூட்டம் குறைந்தது. சாப்பாட்டுக்காக வந்தவர்கள் மட்டும் தங்கினார்கள். பழைய பையன்கள் எப்போதாவது வந்து, "அண்ணா, ஒரே ஒருக்கா கூப்புடுங்கண்ணா" என்று கெஞ்சுவார்கள். "சாப்புடுங்க தம்பி" என்பார். கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. அவர் போகவில்லை.

போன தை மாதம் பாப்பாயி ஆட்டையாம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு ஜாதகம் கொண்டுவந்தார். பெண்ணின் பெயர் கிருத்திகா. போனார்கள். பெண்ணின் அப்பா தொழிலைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே ஜீவானந்தம் ஆரம்பித்துவிட்டார்.

"பரோட்டாக் கடைங்க. மாவு பெசையறதும் நானே, போடறதும் நானேங்க. கல்யாணம் பண்ணிக்கோணும்னு எனக்கு ரொம்ப வருசமா ஆசைங்க."

பாப்பாயி திரும்பிப் பிள்ளையைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து அதைக் கேட்டதே இல்லை. பெண்ணின் அப்பா சிரிக்கவில்லை. "பேசிட்டுச் சொல்லி அனுப்பறமுங்க" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பாப்பாயி தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அன்று பார்த்த முகத்தை நினைவுக்குக் கொண்டுவர ஜீவானந்தம் முயன்றுகொண்டே வந்தார். வந்ததென்னவோ, கலக்கியைக் கடைசிவரை வைத்திருந்து மெதுவாகச் சாப்பிடும் இன்னொரு முகம். கண்ணை மூடினால் இன்னும் தெளிவாக வந்தது. அதனால் நாமக்கல் வரும்வரை கண்ணைத் திறந்தே வைத்திருந்தார்.

ஆட்டையாம்பட்டியிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.