முழங்காலுக்குக் கீழே

கூட்டத்தைக் கலைக்கத் துப்பாக்கி எடுத்தால் முழங்காலுக்குக் கீழேதான் சுட வேண்டும் என்று பொலிசாருக்கு ஒரு விதி இருக்கிறதாம். அட்டன் நீதிமன்றத்தில்தான் அதை முதன்முதலாகக் கேட்டேன். அப்போது என் கணவரைப் புதைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. குண்டு அவருக்குக் கழுத்தில் பட்டிருந்தது.

நோர்வூட்டுக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். நான் கொட்டகலையில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். கலியாணமாகி அங்கே வந்து கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். சண்டை சச்சரவுக்குப் போகாத மனிதர். எதிலும் ஒழுங்கு பார்ப்பார். தண்ணீர்ப் பீலியில் பெண்கள் குடத்தை முன்பின்னாக வைத்தால்கூட எடுத்து வரிசையில் வைத்துவிட்டுத்தான் போவார். தேர் வரும்போது கைகளை விரித்துக்கொண்டு கூட்டத்தை ஓரம் கட்டுகிறவரும் அவர்தான்.

அந்த வருடம் எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவரைத் தோட்ட நிர்வாகியான துரை வேலையிலிருந்து நீக்கினார். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லாருக்கும் முன்னால் எதிர்த்துப் பேசினார் என்பது காரணம். வரிசை வீடான லயத்தில் அவர் இருந்த காம்பராவையும் காலி பண்ணச் சொன்னதும் நாங்கள் வேலைக்குப் போகவில்லை. கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. துரை வெளியிலிருந்து லொறியில் ஆட்களைக் கொண்டு வரப்போகிறார் என்று செய்தி வந்தது. அந்த லொறியை ரோட்டில் மறிப்பது என்று முடிவானது.

என் கணவருக்கு இதில் அவ்வளவு விருப்பமில்லை. ஆனாலும் ஊரோடு ஒத்துப் போக வேண்டும் என்பதும் அவருக்கு ஓர் ஒழுங்குதான். காலையில் லயத்து வாசலில் எல்லாரையும் நிறுத்திச் சொன்னார்:

"போறோம், நிக்கிறோம். பொலிஸ் வந்து வெலகச் சொன்னா வெலகிர்றோம். யாரும் கையில ஒண்ணும் எடுக்கக் கூடாது, வாயத் தொறக்கக் கூடாது."

பக்கத்துக் காம்பரா அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "வாயத் தொறக்காம இருந்துதானே தம்பி இந்த நெலமைக்கு வந்திருக்கோம். நீங்க பேசாம தேருக்குக் கயிறு புடிக்கப் போங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

நாங்கள் நின்ற இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரோட்டுக்கு ஒரு பக்கம் செங்குத்தாக வெட்டிய மண் சுவர். மறுபக்கம் சரிவு. ரோட்டை விட்டு அந்தப் பக்கம் இறங்கினால் ஓர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான பள்ளம். அங்கிருந்து தேயிலை வரிசை வரிசையாகக் கீழே லயம் வரைக்கும் போகும். பள்ளத்தில் நிற்கிறவனுக்குக் கழுத்து மட்டத்தில் ரோடு இருக்கும்.

பொலிஸ் ஜீப்பும் வண்டியும் முன்னால் வந்தன. பின்னால் ஆள் ஏற்றிய லொறி. அதற்கும் பின்னால் துரையின் கார். பொலிசார் இறங்கி ரோட்டை அடைத்து வரிசையாக நின்றார்கள். தமிழ் தெரிந்த ஒரு சார்ஜன்ட் தகரக் குழலை வாயில் வைத்து ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். நாங்கள் சட்டத்துக்கு விரோதமாகக் கூடியிருக்கிறோம், உடனே கலைந்து போக வேண்டும், போகாவிட்டால் பலாத்காரம் பாவிக்கப்படும். நல்ல தமிழ்தான். எல்லாருக்கும் விளங்கியது.

என் கணவர் உடனே கைகளை விரித்துக்கொண்டு கூட்டத்தை ஓரம் கட்டத் தொடங்கினார்.

"எறங்குங்க, எறங்குங்க. ரோட்ட விடுங்க. தொர வர்றாரு."

எல்லாரும் சரிவுப் பக்கம் இறங்கினோம். ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். கடைசியாக அவர் இறங்கினார். ரோடு வெறுமையாகக் கிடந்தது. லொறி போகலாம், கார் போகலாம், யாரும் மறிக்கவில்லை.

இதைத் தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு விளக்குவது கஷ்டம். ரோட்டில் துரை வந்தால் நாங்கள் கீழ்ப்பக்கம் இறங்கி நிற்போம். குதிரையில் வந்த காலத்திலிருந்து அப்படித்தான். அவர் கடந்து போகும் வரை நிற்க வேண்டும். அதற்கு முன்னால் முதுகைக் காட்டி நடந்தால் அது திமிர், அதற்குத் தண்டனை உண்டு. எங்கள் அப்பாவும் அப்படி நின்றார், அவருடைய அப்பாவும் நின்றார். விலகுவது என்றால் எங்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். வேலைநிறுத்தம் செய்த அன்றுகூட எங்கள் கால்கள் பழகிய இடத்துக்கே போயின.

சார்ஜன்ட் இரண்டாம் தரமும் வாசித்தார், மூன்றாம் தரமும் வாசித்தார். சொல்ல வேண்டிய கடமைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். நாங்கள்தான் விலகிவிட்டோமே. லொறி புறப்பட்டது. அப்போது எங்கிருந்தோ ஒரு மண்கட்டி பறந்து வந்து அதன் கண்ணாடியில் விழுந்தது. யார் எறிந்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. இன்ஸ்பெக்டர் ஆங்கிலத்தில் ஏதோ கத்தினார். பொலிசார் துப்பாக்கிகளைத் தாழ்த்திப் பிடித்தார்கள். தாழ்த்துகிறார்களே என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

என் கணவர் என்னிலிருந்து இரண்டு தேயிலைச் செடி தள்ளி நின்றார். சத்தம் கேட்டு நான் திரும்பியபோது செடியின் மேல் சாய்ந்து கிடந்தார்.

நீதிமன்றத்தில் இன்ஸ்பெக்டர் தடுமாறாமல் சாட்சி சொன்னார். படிப்படியாகச் செய்ய வேண்டும் என்பது விதி, அப்படியே செய்தேன் என்றார். முதலில் எச்சரிக்கை, மூன்று தரம், அவர்களுடைய மொழியிலேயே. அடுத்தது குண்டாந்தடி. ஆனால் பூட்ஸ் காலோடு அந்தச் சரிவில் செடிகளுக்குள் இறங்க முடியாது. அதற்கடுத்தது கண்ணீர்ப்புகை. அதைப் போட்டிருந்தால் புகை கீழே லயத்துக்கு இறங்கியிருக்கும், தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகள் இருந்தார்கள், அதை யோசித்து வேண்டாம் என்று விட்டேன் என்றார். நீதவான் தலையை ஆட்டி, அது மனிதாபிமானமான செயல் என்றார். பிறகுதான் துப்பாக்கி. முழங்கால் மட்டத்துக்கு மேலே ஒருவரும் குறி வைக்கவில்லை என்றும் இன்ஸ்பெக்டர் சொன்னார்.

அவர் பொய் சொல்லவில்லை. ரோட்டில் நின்று பார்த்தால் அது முழங்கால் மட்டம்தான். சமதரையில் யாரோ எழுதிய விதி அது. மேசையில் ஒரு படம் விரித்திருந்தார்கள். ரோடு ஒரு கோடு, பொலிசார் ஒரு வரிசைப் புள்ளி, நாங்கள் ஒரு வரிசைப் புள்ளி. நடுவில் எத்தனை அடி தூரம் என்று எழுதியிருந்தது. மேடு, பள்ளம் ஒன்றும் அதில் இல்லை.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. கூண்டில் ஏறியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நீதவான் கெட்டவர் இல்லை. தண்ணீர் கொடுக்கச் சொன்னார். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். என் கணவர் பொலிஸ் சொன்னதைக் கேட்டு நடந்தார் என்று அந்தத் தீர்ப்பில் ஒரு வரி இருக்க வேண்டும். போன உயிர் வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் வாழ்நாளெல்லாம் ஒழுங்கு பார்த்த மனிதர் ஒரு கலகக்காரனாகப் பதிவாகிவிடக் கூடாது.

எச்சரிக்கை கேட்டதா என்றார்கள். கேட்டது என்றேன். விளங்கியதா என்றார்கள். விளங்கியது என்றேன். அப்புறம் கலைந்து போனீர்களா என்று பொலிஸ் தரப்பு வக்கீல் கேட்டார்.

"ரோட்ட விட்டு எறங்கிட்டோமுங்க. தொர வண்டி போற வரைக்கும் நின்னோம். அவரு போனதும் போயிருப்போம்."

"அப்ப போகல்ல?"

"போகல்லீங்க."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். எங்கள் பள்ளத்தின் ஆழத்தைப் பற்றி நானாகவே சொன்னேன். கழுத்தில் கையை வைத்தும் காட்டினேன். எழுதிக்கொண்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

தீர்ப்பில் அது வரவில்லை. பலமுறை எச்சரித்தும் கலைய மறுத்த கூட்டத்தின் மேல், வேறு வழியில்லாமல், விதிகளுக்கு அமையவே சுட்டார்கள் என்று வந்தது. கைகளை வீசிக் கூட்டத்தை நடத்தியவர் இறந்தவர்தான் என்றும் ஒரு பொலிஸ்காரரின் சாட்சியம் அதில் சேர்ந்திருந்தது. கைகளை வீசியது உண்மைதான்.

வேலைநிறுத்தம் சமரசமாக முடிந்தது. தலைவருக்கு வேலையும் காம்பராவும் திரும்பக் கிடைத்தன. சங்கத்தார் என் கணவருடைய குழிமேட்டில் ஒரு கல் நட்டார்கள். உரிமைக்காகத் துப்பாக்கிக்கு நெஞ்சு கொடுத்த வீரர் என்று அதில் வெட்டியிருக்கிறது. வருடா வருடம் கூட்டம் போடுவார்கள். அஞ்சா நெஞ்சன், பின்வாங்காத சிங்கம் என்று பேச்சாளர்கள் சொல்லும்போது ஜனங்கள் கைதட்டுவார்கள். என்னை முன்வரிசையில் உட்கார வைப்பார்கள்.

ஒரு வருடம் கூட்டம் முடிந்த பிறகு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு தலைவரிடம் சொன்னேன்.

"அண்ணே, அவரு நெஞ்செல்லாம் குடுக்கல்லீங்க. வழி விட்டுத்தான் நின்னாரு. மத்தவங்களயும் அவர்தான் வெலகச் சொன்னாரு."

தலைவரும் அன்று அந்தச் சரிவில் நின்றவர்தான். தலைத்துண்டை அவிழ்த்தவர்தான்.

"தெரியும் தங்கச்சி" என்றார். "ஆனா வழி விட்டவனுக்கு யாரு கல்லு வைப்பா?"

தலைவர் சொன்னது சரியென்றே இப்போதும் தோன்றுகிறது. நீதிமன்றத்தில் என் கணவர் கலைய மறுத்தவர். கல்லில் அவர் நெஞ்சு கொடுத்தவர். ரோட்டோரப் பள்ளத்தில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கார் போகட்டும் என்று நின்ற மனிதர் இரண்டு பக்கத்துக்கும் தேவைப்படவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை மாலையை என் கையில் கொடுக்கிறார்கள். வாங்கிக் கல்லுக்குப் போட்டுவிட்டு வருகிறேன்.