பஃபலோவில் அடைத்துக்கிடந்த கடைகள்

தொண்ணூறுகளில் எங்களுக்குக் கனடாக் குடியுரிமை கிடைத்த புதிது. நன்றியறிதல் நாள் என்ற பண்டிகை இங்கே ஒக்டோபரிலேயே முடிந்துவிடும். அமெரிக்காவில் அது நவம்பரில் வரும் என்பது எங்களுக்குத் தெரியாது. எல்லைக்கு அந்தப்பக்கம் பஃபலோவில் பெரிய மலிவு விற்பனை என்று கேள்விப்பட்டு, நாள் சரியாகத் தெரியாமல் ஒருநாள் முந்தி, வியாழக்கிழமையே ஸ்காபரோவிலிருந்து காரில் போய்விட்டோம்.

மத்தியான வெயிலில் கடைகள் எல்லாம் அடைத்துக்கிடந்தன. ஆளில்லாத கார் தரிப்பிடத்தில் ஒலிபெருக்கி மட்டும் பாடிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் கடைத்தெரு இப்படிக் கிடந்தால் ஆமி, அதுதான் இராணுவம், வருகிறதென்று அர்த்தம்.

“ஆரையும் கேட்டுப் பாப்பம்” என்று பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் இறங்கினேன். யன்னலுக்குள்ளே, மேசையைச் சுற்றி ஒரு குடும்பமே தலைகுனிந்து, கண்மூடி, அசையாமல் இருந்தது. ஊரில் ஆமியின் சுற்றிவளைப்பில் எங்களை இருத்திவைத்ததும் அப்படித்தான்.

“சத்தம் போடாமல் வந்து காரில ஏறும்” என்றார் கணவர். காரை ஸ்டார்ட் செய்துவிட்டார்.

நான் திரும்புவதற்குள் தலைகள் நிமிர்ந்தன. யாரோ சிரித்தபடி பக்கத்திலிருந்தவருக்கு இறைச்சித் தட்டை நீட்டினார்கள். சாப்பாட்டுக்கு முந்திய ஜெபமாம். கதவைத் திறந்த கிழவர், இன்று பண்டிகை, விற்பனை நாளைக்குத்தான் என்று சொல்லி, எங்களையும் சாப்பிடக் கூப்பிட்டார்.

இப்போது அமெரிக்கக் கலண்டரைப் பார்த்துத்தான் எல்லை தாண்டுகிறோம். ஆனால் எவ்வளவு சனம் நெரிகிற சேல் என்றாலும், கணவர் காரை உடனே வெளிக்கிடத் தோதாக, முகப்பைத் தெருப்பக்கம் திருப்பித்தான் நிறுத்துகிறார்.