மாமாவின் கையில் பஞ்சவர்ணம்

போன செவ்வாய்க்கிழமை காலை. உச்சிப்புளியில் மகளின் பள்ளி வாசலில் நின்று, போனில் வந்திருந்த போட்டோவைத் திறந்தேன். என் மாமனாரின் முன்கையில் ‘பஞ்சவர்ணம்’ என்று பச்சை குத்தியிருந்தது.

என் மாமியாரின் பெயர் ஜெய்னம்பு.

மாமாவுக்கு அறுபத்து மூன்று வயது. ஐந்து வேளை தொழுகிறவர். யார் இந்தப் பஞ்சவர்ணம்? எப்போதிருந்து? மாமிக்குத் தெரியுமா? படத்தைப் பெரிதாக்கினேன். பெயரைச் சுற்றிப் பூ வேறு.

விஷயம் இதுதான். துபாயில் இருக்கும் என் கணவர் பிரஷர் மெஷின் ஒன்று கொடுத்தனுப்பியிருந்தார். தினமும் காலையில் மாமா கையில் பட்டையைக் கட்டி அளந்து, போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். அது நான் மகளைப் பள்ளியில் விடும் நேரம் என்பதால் மாமாவே பார்த்துக்கொள்வார்.

இருபது நாளும் மாமாவுக்கு நூற்றிருபதுக்கு எண்பதுதான். எனக்கோ நூற்று நாற்பத்தெட்டு! பயந்துபோய் ஒரே காலையில் ஒன்பது தடவை அளந்தேன் – ஒவ்வொரு தடவையும் ஏறியது. மெஷின் சரியா என்று பார்க்க மகளின் கரடி பொம்மைக்குக்கூடக் கட்டினேன். கரடிக்கு உயிரில்லை என்று அது சரியாகவே கண்டுபிடித்தது.

குரூப்பை மேலே ஓட்டிப் பார்த்தேன். இருபது போட்டோவிலும் பஞ்சவர்ணம் இருக்கிறாள்! நாங்கள் எண்ணை மட்டும்தான் பார்த்திருக்கிறோம்.

ஸ்கூட்டியை முறுக்கிக்கொண்டு புதுமடம் வந்தேன். ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார் முனியசாமி அண்ணன் – மாமாவின் சிநேகிதர், மீன்பிடி போட்டு ஓட்டும் டிரைவர். அவர் கையில் எங்கள் பட்டை. பக்கத்தில் மாமா, கையில் போனோடு.

“ஏலே, மூச்சப் புடிச்சுக்கிட்டு இருக்காத. நல்லா விடு. இன்னொரு போட்டோ எடுத்துக்கிறேன்.”

“பேசாதீங்க பாய். பேசுனா ஏறும்னு உங்க மருமவதானே சொல்லுச்சு.”

“கை ஒன்னோடது. நான் பேசுனா என்னவாம்?”

பஞ்சவர்ணம், முனியசாமி அண்ணனின் மனைவி. கைக்குச் சம்பளம் ஒரு டீ, இரண்டு வடை.

“மாமா, உங்க கைய நீட்டுங்க,” என்றேன்.

“எதுக்கும்மா? அதான் இவனுக்கு நல்லா இருக்குல்ல!”

ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்து அளந்தேன். நூற்று எண்பத்தாறுக்கு நூற்றுப் பத்து. மறுபடி அளந்தேன். ஏறக்குறைய அதேதான். எல்லாவற்றையும் சந்தேகப்படும் எனக்கு, அந்த எண்ணைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

மாமா தரையைப் பார்த்தார். “மொத நாளு நானே அளந்தேன். இதேதான் வந்துச்சு. எம் மவன் போன மாசந்தான் அங்க புது வேலையில சேந்தான். சொன்னா அம்புட்டையும் போட்டுட்டு அடுத்த பிளைட்டுல வந்து நிப்பான்.”

முனியசாமி அண்ணன் பட்டென்று எழுந்தார். “தாயி, சத்தியமா எனக்குத் தெரியாது. மெசினு நல்லாருக்கான்னு பாக்கத்தான் எங் கையக் கேக்குறாருன்னு நெனச்சேன்.”

இருபது நாளாகவா?

அன்றே ராமநாதபுரம் போனோம். டாக்டரம்மா தலைவலி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்று வரிசையாகக் கேட்டார்.

“ஒன்னுமில்ல டாக்டர். கல்லு மாதிரி இருக்கேன்,” என்றார் மாமா பெருமையாக.

“அதுதான் இதுல ஆபத்து. ஒன்னுமே தெரியாது.” ஸ்கேனைக் காட்டினார். அவ்வளவு அழுத்தத்தை எதிர்த்து ரத்தத்தைத் தள்ளித் தள்ளியே இதயத்தின் சுவர் தடித்திருந்தது. “இப்படியே விட்டிருந்தா பக்கவாதமோ மாரடைப்போ வந்துதான் உங்களுக்குச் சொல்லியிருக்கும். மாத்திரை தினமும் போடணும். எறங்கிருச்சுன்னு நீங்களா நிறுத்தக் கூடாது. உப்பக் கொறைங்க.”

“கருவாடு?”

“உப்பு இல்லாத கருவாடு இருந்தா சாப்பிடுங்க.”

மாமா நிஜமாகவே யோசித்தார்.

மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்புமுன் நானே கட்டினேன். நூற்று எழுபத்திரண்டுக்கு நூறு. போட்டோவைக் குரூப்பில் போட்டேன். ஒருத்தர் பின் ஒருத்தராக வந்தார்கள். நாத்தனார் கட்டைவிரலைத் தூக்கினார். சின்ன மாமா ‘மாஷா அல்லாஹ்’ போட்டார். துபாயிலிருந்து என் கணவர் ஒரு சிவப்பு இதயம்.

போன் போட்டேன். “நல்லாப் பாருங்க.”

பார்த்தார்.

“இது யாரு கை?” என்றார்.

“உங்க வாப்பாவோடதுதாங்க... இன்னைக்குத்தான்!”