போர்டில் ஐம்பது நிமிடம்

பொழுதுபோக்குப் பூங்காவில் ரோலர் கோஸ்டர் ஏறப் போனால் வரிசை ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு குடை இருக்கும். குடைக்குக் கீழே உயரமான ஸ்டூல். ஸ்டூல் மேல் அவள். பக்கத்தில் அவளைவிட உயரமான போர்டு: "இங்கிருந்து காத்திருக்கும் நேரம்: 40 நிமிடம்." அந்த நாற்பதைக் கழற்றி ஐம்பது மாட்டுவதும், ஐம்பதைக் கழற்றி முப்பது மாட்டுவதும்தான் அவள் உத்தியோகம். ஐஸ்கிரீம் வண்டிக்காரர் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவள் "போர்டு மேடம்". வீட்டில் சின்னவள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

அந்த எண் பொய் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நிஜ நேரம் தெரியாமல் போடுகிற பொய் இல்லை. அவ்வப்போது வரிசையின் கடைசியில் வந்து சேர்பவர் கையில் ஒரு சிவப்பு அட்டையைக் கொடுப்பாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு கம்பிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து மேலே போய், வண்டியில் ஆள் ஏற்றிவிடுகிறவரிடம் கொடுக்க வேண்டும். அவர் வாக்கிடாக்கியில் "வந்துடுச்சு மேடம்" என்பார். அவ்வளவுதான், நேரம் தெரிந்துவிடும். முப்பது நிமிடம் ஆகியிருந்தால் இவள் நாற்பது என்று மாட்டுவாள். கேட்டால் காரணம் வைத்திருக்கிறாள். முப்பது என்று சொல்லி முப்பத்தைந்தில் ஏற்றினால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிற அதே ஜனம், நாற்பது என்று சொல்லி முப்பத்தைந்தில் ஏற்றினால் ஏதோ லாட்டரி அடித்த மாதிரி சிரிக்கிறது. காத்திருந்தது என்னவோ ஒரே நேரம்தான். சிரிக்க வைப்பது பாவமா, சொல்லுங்கள்.

பூங்காவோடு இது நின்றிருந்தால் வம்பே இல்லை. வீட்டிலும் அவள் நாக்கு போர்டு மாதிரியே ஆகிவிட்டது. "வர ஒரு மணி நேரம் ஆகும்" என்று போன் செய்தால் முக்கால் மணியில் வாசலில் நிற்பாள். புருஷன், எலக்ட்ரீஷியன், கணக்குத் தெரிந்த மனுஷன். அவள் என்ன சொன்னாலும் கால்வாசியைக் கழித்துவிட்டு அடுப்பில் டீயை வைப்பார். அவருக்குப் பழகிவிட்டது. அக்காவுக்குத்தான் பழகவில்லை.

அக்கா, அதாவது பெரியவள், எங்கேயும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததாகச் சரித்திரம் கிடையாது. கிளம்பும்போது ஒரு செருப்பு காணாமல் போகும். செருப்பு கிடைத்தால் சாவி போகும். தம்பி கல்யாணத்துக்கும் இப்படி வந்து நின்றால் மானம் போய்விடுமே என்று சின்னவள் ஒரு வேலை செய்தாள். கல்யாணம் பதினொரு மணிக்கு. அக்காவிடம் மட்டும், பத்திரிகை அடித்த பிறகு எட்டரைக்கு மாற்றிவிட்டார்கள் என்று சொன்னாள்.

பெரியவள் வாழ்க்கையிலேயே முதல் முறையாக அன்று நேரத்துக்கு வந்தாள். தம்பி கல்யாணமாயிற்றே என்று விடியற்காலையில் எழுந்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு, எட்டரைக்கு மண்டபத்தில் ஆஜர். உள்ளே ஈ காக்கை இல்லை. நாற்காலிகள் அடுக்கினபடி கிடந்தன. பெருக்குகிற அம்மாள், "காலைக் கொஞ்சம் தூக்கும்மா" என்று அவள் நாற்காலிக்குக் கீழேயும் பெருக்கிவிட்டுப் போனாள். பதினொரு மணிக்குள் விஷயம் கசிந்து, மண்டபம் முழுக்கச் சிரித்தது. மணப்பெண் கூடச் சிரித்தாள்.

"எல்லார் முன்னாலயும் என்னைக் கோமாளி ஆக்கிட்டல்ல?" என்று பெரியவள் கேட்டாள். அதற்குப் பிறகு பேசவில்லை. மூன்று வருஷம்!

சின்னவள் போன் செய்தால் அத்தான் எடுத்து, "குளிச்சிட்டிருக்காம்மா" என்பார். இவ்வளவு குளித்தால் ஆள் கரைந்தே போயிருக்க வேண்டும். வெளியே சிரித்துக்கொண்டு திரிந்தாலும், பஸ்ஸில் அக்கா தங்கை யாராவது ஒரே சீட்டில் நெருக்கி உட்கார்ந்து வம்பளந்தால் சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அக்கா ஒரு தடவை வாயைத் திறந்து திட்டினால் கூடப் போதும் என்றிருந்தது அவளுக்கு.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள், கூட்டம் அலைமோதியது. போர்டில் ஐம்பது. வரிசையின் கடைசியில் வந்து நின்ற கறுப்புக் கண்ணாடி போட்ட பெண்ணிடம் சின்னவள் சிவப்பு அட்டையை நீட்டி, "இதை மேல ஏத்தி விடறவர்கிட்ட குடுத்துடுங்க" என்றாள். கை நீளவில்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

"சித்தி!" என்று இரண்டு பிள்ளைகளும் கத்தின.

பூங்காவில் தங்கைக்கு டிக்கெட் ஜன்னலில்தான் வேலை என்று நினைத்து, அதைத் தாண்டுவதற்காகப் பெரியவள் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். கடைசியில் நேராக வந்து மடியிலேயே விழுந்தாயிற்று. அத்தான் இல்லாத மேகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

பெரியவள் போர்டைப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள்.

"போர்டுல அம்பதுன்னு இருக்கு. நிஜமா எவ்வளவு?"

மூன்று வருஷத்தில் முதல் பேச்சு.

"முப்பத்தஞ்சுக்கா."

"சத்தியமா?"

"சத்தியமா."

பெரியவள் அட்டையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பத்து நிமிடம் ஆகியிருக்கும். மேலே யாரோ ஒரு மகானுபாவருடைய தொப்பி பறந்து தண்டவாளத்தில் விழ, வண்டி நின்றுவிட்டது. சின்னவள் எண்ணைக் கழற்றிவிட்டு "தற்காலிக நிறுத்தம்" பலகையை மாட்டினாள். மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டு அவளைத் தாண்டி ஓடினார்.

"அண்ணே, எவ்வளவு நேரம் ஆகும்?"

"இதோ, அஞ்சு நிமிஷம்."

மெக்கானிக்கின் ஐந்து நிமிடத்துக்கு எதைக் கூட்டுவது, எதைப் பெருக்குவது என்று அவளுக்கே இன்றுவரை பிடிபட்டதில்லை. தொப்பியை எடுத்தார்கள், வண்டி நகரவில்லை. எதையோ மாற்றினார்கள், நகர்ந்தது, மறுபடி நின்றது. வெயில் ஏறியது. ஜனங்கள் கம்பிக்குக் கீழே குனிந்து குனிந்து வெளியேறினார்கள். போகிற போக்கில் ஒவ்வொருவரும் அவளை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அத்தானும் வெளியே வந்துவிட்டார்.

"அக்கா எங்கே அத்தான்?"

"வர மாட்டேங்கிறா. நீயாச்சு, உங்க அக்காவாச்சு. நான் இதுங்களுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுக்கறேன்."

எட்டிப் பார்த்தாள். ஏறக்குறைய காலியான கம்பிகளுக்கு நடுவே, பிடிவாதமே உருவாகப் பெரியவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் சிவப்பு அட்டை விசிறியாகியிருந்தது. போய்க் கையைப் பிடித்து அழைத்து வரலாம் என்றால் இடத்தை விட்டு நகர முடியாது. அக்காவுக்குச் சொன்ன ஒரே ஒரு நிஜமும் இப்படி ஆயிற்றே, இனி செத்தாலும் நம்ப மாட்டாளே என்று அவளுக்கு அழுகை முட்டியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு வழி கேட்டவர்களுக்கெல்லாம் கழிப்பறையைக் காட்டினாள்.

ஒருவழியாக வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. வாக்கிடாக்கி கரகரத்தது.

"மேடம், சிவப்பு அட்டை வந்துடுச்சு. ஒண்ணே முக்கால் மணி நேரம்! நம்ம ரைடுல இதுதான் ரெக்கார்டு. குடுத்த அம்மா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

"முப்பத்தஞ்சு நிமிஷம் ஆயிடுச்சுன்னு சொல்லச் சொன்னாங்க."

சின்னவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

கொஞ்ச நேரத்தில் வெளியேறும் வழியாகப் பெரியவள் வந்தாள். தலைமுடி நாலா பக்கமும் பறந்து, கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது. நேராகக் குடைக்குக் கீழே வந்து நின்றாள்.

"ரெண்டு மணி நேரம்னு சொல்லித் தொலைச்சிருந்தா சந்தோஷமா வந்திருப்பேன்ல?"

"எல்லாரும் போயிட்டாங்களேக்கா. நீ ஏன் போகலை?"

"வாழ்க்கையில ஒரே ஒரு தடவை நெசம் சொல்லியிருக்க. அதையும் நான் பாதியில விட்டுட்டுப் போகணுமா?" என்று பெரியவள் தங்கையின் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். குட்டின கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். வரிசைக்கு வந்தவர்கள் வண்டிச் சத்தத்தைக் கேட்டுத் தாங்களே உள்ளே போய்க்கொண்டார்கள். போர்டில் அப்போதும் "நிறுத்தம்" என்றுதான் இருந்தது.

"அடுத்த வாரம் எனக்கு லீவு. எல்லாரும் வீட்டுக்குச் சாப்பிட வாங்க" என்றாள் சின்னவள்.

"எத்தனை மணிக்கு?"

நாக்கு நுனிவரை பதினொன்று வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"ஒரு மணிக்கு."

சொன்னபடி ஒரு மணிக்கு மேஜையில் எல்லாம் தயார். தட்டு, தண்ணீர், மூடி வைத்த பாத்திரங்கள். புருஷன் பாத்திரங்களையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க அக்காகிட்டப் போயி நிஜமான ஒரு மணியைச் சொன்னியா? ஏம்மா, நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணேன்?"

"வருவாங்க. பேசாம உக்காருங்க."

ஒன்றரை ஆனது. இரண்டு ஆனது. ஒரு தடவை எல்லாவற்றையும் சூடு பண்ணினாள். இரண்டரைக்கு இன்னொரு தடவை. காத்திருப்பது எப்படி இருக்கும் என்பது இத்தனை வருஷம் அடுத்தவர் காத்திருப்புக்கு எண் மாட்டியவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வாசலில் ஒவ்வொரு ஆட்டோ சத்தத்துக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். கோபம் வரும் என்று நினைத்தாள், வரவில்லை. எங்கோ ஒரு வீட்டில் அக்கா ஒரு செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறாள், தன் வீட்டுக்கு வருவதற்காகத் தேடிக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்க நினைக்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் அழைப்பு மணி அடித்தது. பெரியவள் மூச்சு வாங்க நின்றிருந்தாள். பின்னால் பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் அத்தான்.

"சாவியைக் காணோம்டீ. ரொம்ப நேரமா காத்திருக்கியா?"

புருஷன் வாயைத் திறந்தார். சின்னவள் அவர் காலை மிதித்தாள்.

"இல்லக்கா, அஞ்சு நிமிஷம்தான்."

பெரியவள் மேஜையைப் பார்த்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்தாள்.

"சத்தியமா?"

"சத்தியமா."