சாவுப் படுக்கையில் பேசிய பேச்சு

ஆப்பிரிக்காவில், கேமரூன் நாட்டு மலைக்காட்டில் ஃபுந்தாம் ஊரில் பிறந்து, பக்கத்துக் கெங்வே ஊருக்கு வாக்கப்பட்டவள் நாங்கே. நடுவே ஒரு மலைதான். ஆனாலும் ஊருக்கு ஒரு பேச்சு. சோளக்காட்டில் களை வெட்டும்போது மாமியாரோடு கெங்வே பேச்சு, சந்தையில் எல்லாருக்கும் பொதுவான பிட்ஜின் என்கிற கலப்பு ஆங்கிலம், அடுப்படியில் கணவன் கூமோடு ஃபுந்தாம் பேச்சு. அவளுக்காகவே அதைக் கற்றுக்கொண்டான் மனுஷன். களி கிண்டும்போது மூன்றையும் கலந்தடித்து இருவரும் சிரிப்பார்கள். அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. நோயாளியின் தலைமாட்டில் மட்டும், சுற்றியிருப்பவர்களுக்குப் புரியாத பேச்சு கூடாது. பேசினால் சூனியம் என்பார்கள்.

கூம் சாகக் கிடந்தபோது அந்தத் தப்பைத்தான் செய்தாள். அவன் ஃபுந்தாமில் ஏதோ கேட்டான். அவளும் குனிந்து ஃபுந்தாமிலேயே பதில் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் உயிர் போயிற்று. பக்கத்திலிருந்த அவனுடைய அத்தைக்காரி சும்மா இருப்பாளா? ஊரெல்லாம் பற்ற வைத்துவிட்டாள்.

அடக்கம் முடிந்ததும் கூமின் அண்ணன் தேம் உறவுக்காரர்களைக் கூட்டினான். பனந்தோப்புத் தகராறில் தம்பியோடு வருஷக்கணக்காகப் பேசாதவன். தம்பி சாகக் கிடக்கிறான் என்று நாங்கே ஆள்மேல் ஆள் அனுப்பியும் எட்டிப் பார்க்காதவன். இன்று தீர்ப்புச் சொல்ல அவன்தான் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். என்ன கொடுமை பாருங்கள்.

"என்ன சொன்னேன்னு சொல்லு. இல்லேன்னா பிள்ளைங்க எங்க வீட்டுப் பிள்ளைங்க, இங்க இருக்கும். நீ உங்க ஊரப் பாத்துப் போ."

"தனியாச் சொல்றேன் அத்தான். உங்க ஒருத்தர்கிட்ட மட்டும்."

"தனியாப் பேசித்தானே என் தம்பிய முடிச்ச? எல்லார் முன்னாடியும் சொல்லு. எங்க பேச்சுல சொல்லு."

மூத்த மகள் அவள் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்கே கெங்வே பேச்சிலேயே சொன்னாள்.

"அவருக்குக் கண்ணு தெரியல. 'அண்ணன் வந்துட்டாரா'ன்னு கேட்டார். 'வந்துட்டார், உங்க கால்மாட்டுலதான் உக்காந்திருக்கார், கோவமெல்லாம் போயிருச்சு'ன்னு சொன்னேன்."

அத்தைக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். தேம் மட்டும் விடவில்லை.

"அத ஏன் உங்க பேச்சுல சொன்ன?"

"நீங்க வரலேன்னு அங்க இருந்த எல்லாருக்கும் தெரியும் அத்தான். உங்க பேச்சுல சொல்லியிருந்தா, யாராவது இல்லேன்னு சொல்லியிருப்பாங்க."

அவளைப் போகச் சொல்லி அதன்பிறகு யாரும் வாயெடுக்கவில்லை. தேம் எழுந்து உள்ளே போனான். தம்பி செத்துக் கிடந்த மூங்கில் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, "வந்துட்டேன்டா" என்றான்.