பதினேழாம் எண் டோக்கன்

மைசூரில் எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில், கைப்பேசியை வாசலிலேயே கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். எனக்குப் பதினேழாம் எண்தான் வேண்டும். வேறு எண் கிடைத்தால் அன்று ஒரு வரிகூட மண்டையில் ஏறாது. பதினேழே கிடைத்தாலும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைப்பேசி இல்லாத சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பேன்.

எதிர் மேசையில், கொள்ளேகாலைத் தாண்டி ஹனூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி உட்காருவாள். எண்ணெய் வைத்து இறுக்கிய ஒற்றைச் சடை, காதில் செருகிய பென்சில். எந்த எண் கிடைத்தாலும் அதைப் புத்தகத்தில் பக்க அடையாளமாக வைத்துவிட்டு, மாலைவரை குனிந்த தலை நிமிர மாட்டாள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

ஒரு சனிக்கிழமை மூடும் நேரத்தில், என் கைப்பேசியை வாங்க வாசலுக்கு வந்தேன். ஊழியர் அவளுடையதை என்னிடம் நீட்டினார். மறந்துவிட்டுப் போகிறாள், ஓடிப்போய்க் கொடு என்றார். இன்றாவது அவள் பதறுவதைப் பார்த்துவிடலாம் என்று பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன்.

"இதுக்காங்ணா இப்படி ஓடியாந்தீங்க? திங்கக்கிழமை வந்து வாங்கியிருப்பனே" என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். பிறகு என் கையிலிருந்த டோக்கனைப் பார்த்தாள். "உங்க போனு எங்கீங்ணா?"

திரும்பி ஓடினேன். நூலகக் கதவில் பூட்டு தொங்கியது. கொள்ளேகால் பஸ் என்னைக் கடந்து போனது. அவள் ஜன்னலில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள்.

ஞாயிறு முழுக்க, சட்டைப்பையிலிருந்த பதினேழாம் எண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, அவளால் எப்படி முடிகிறது என்று பொருமிக்கொண்டிருந்தேன்.