ஷமீமா அக்கா கேட்ட இரண்டாவது படம்

ஆம்பூரில் மகளிர் தினக் கண்காட்சிக்காக, சாதித்த பெண்களை இலவசமாகப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். ஷூ கம்பெனியில் வேலை செய்துகொண்டே ஏழைப் பெண்களுக்குத் தையல் பழக்கிய ஷமீமா அக்கா, ஒரு படம் முடிந்ததும் தயங்கினார்.

“தம்பி, இன்னொன்னு எடு. வயசு கம்மியா தெரியணும்.”

“இன்னாக்கா, மாப்பிள்ளை பாக்கறாங்களா?” என்று கேலி செய்தேன்.

அவர் சிரிக்கவில்லை.

“கல்யாணம் பேசி வெச்சிருந்த எம்பொண்ணு காய்ச்சல்ல போய்ட்டா. ரொம்ப வருஷமாச்சு. அப்பல்லாம் எங்க வூட்ல போட்டோ எடுக்கற வழக்கமில்ல. மொகம் மறந்துட்டே வருது தம்பி. அவ என் ஜாடைதான்.”

கணினியில் சுருக்கங்களையெல்லாம் நீக்கி, மறுநாள் படத்தைக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார்.

“மொகம் அவதான். கண்ணு மட்டும் என்னுது.”

அந்தக் கண்களை மாற்றும் வித்தை எனக்குத் தெரியவில்லை. படத்தைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்துப்போனார்.

இப்போதெல்லாம் வயதைக் குறைத்துக் காட்டச் சொல்பவர்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வருவதில்லை.